உறையில் எழுதிய ‘குட்’

பென்சன் எடுத்த பிறகு நான் சும்மா இருந்திருக்கலாம். யார் விட்டார்கள்? வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றின் முகப்பில் ஒரு கடை இருந்தது. பழைய முத்திரை, பழைய கைக்கடிகாரம், பழைய காசு எல்லாம் அங்கே வாங்கி விற்பார்கள். முதலாளிக்கு முத்திரை தெரியும், மணிக்கூடு தெரியும், காசு தெரியாது. எனக்கோ அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த நாளிலிருந்தே காசு சேர்க்கும் விசர். “ஐயா, பின்னேரத்திலை சும்மா வந்து இருங்கோ. பாத்துச் சொன்னால் காணும்” என்றார். அந்தச் ‘சும்மா’வை நம்பிப் போனவன்தான், பன்னிரண்டு வருடம் அந்த ஸ்டூலை விட்டு எழும்பவில்லை.

பழைய வெள்ளிக் காசுக்குத் தரம் சொல்வதுதான் வேலை. கேட்கச் சுகமாக இருக்கும். மேசை விளக்கைக் கிட்ட இழுத்து, காசின் முகத்தில் விரல் படாமல் விளிம்பில் பிடித்து, கண்ணாடியை வைத்து மெல்லச் சரிக்க வேண்டும். இது அடிக்கப்பட்ட அன்று எப்படி இருந்திருக்கும், இன்றைக்கு அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ராசாவின் தலையில் காதுக்கு மேலே உள்ள மயிர்தான் முதலில் தேயும். பிறகு கன்னம். பிறகு புருவம். கடைசியில் அது ராசாவா ராசாத்தியா என்று கேட்கிற அளவுக்கு ஒரு மேடுதான் நிற்கும். பார்த்து முடித்ததும் ஒரு சின்னக் காகித உறையில் பென்சிலால் தரத்தை எழுதி, காசை உள்ளே போட்டு, அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆள்தான் பிரச்சினை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. விக்டோரியா ராசாத்தி போட்ட ஒரு ரூபாயைக் கொண்டு வந்து லட்சக் கணக்கில் கேட்காத ஆளை அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் காணவில்லை. பேப்பரில் போட்டிருந்ததாம். யாரோ ஒருவருடைய மச்சான் லண்டனில் விற்றாராம். நான் கந்தோரில் முப்பது வருடம் ஃபைல் கோவைகளோடு மாரடித்தபோது இவ்வளவு களைத்ததில்லை. கோவை வாய் திறந்து கதைக்காது.

இன்னொரு கூட்டம், கொண்டு வருவதற்கு முதல் நாள் காசை மினுக்கிவிட்டு வரும். ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு மனிதர் பதினொரு வெள்ளிக் காசுகளைத் தீபாவளிக்குக் குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரி புளியும் திருநீறும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டு வந்து பரப்பினார். “பாருங்கோ ஐயா, புதுசு மாதிரி!” என்று வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசின் கறுப்பு ஊத்தையில்லை, அது காசின் தோல். தோலை உரித்துப்போட்டு வடிவு பார் என்றால் நான் என்ன செய்ய? சாமிக்கு வைக்கிற வெள்ளியை மினுக்கிப் பழகிய சனம். காசையும் மரியாதைக்குத்தான் மினுக்குகிறது. அதை விளங்கிக்கொண்டு பொறுமையாகச் சொல்ல எனக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் முடிவதில்லை.

எல்லாவற்றையும் விட என்னைக் களைக்கச் செய்தவை அந்த வார்த்தைகள். தரங்களுக்குப் பெயர் வைத்தவன் வெள்ளைக்காரன். அவனுக்கு முகத்துக்கு நேரே ஒன்றைக் கூடாது என்று சொல்ல வாய் வராது போலிருக்கிறது. அடியிலே புவர், அதற்கு மேல் ஃபெயர், அதற்கு மேல் குட். பிறகு வெரி குட், ஃபைன், வெரி ஃபைன் என்று படி ஏறிக்கொண்டே போகும். அதாவது காசு உலகத்தில் ஒன்றை ‘குட்’ என்று சொன்னால், முகம் வழித்துத் துடைத்தமாதிரிப் போய்விட்டது, உருவம் மட்டும் மட்டுமட்டாகத் தெரிகிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே இரண்டே இரண்டு படிதான். ‘குட்’ என்ற காசை விலை தெரிந்தவன் கையில் எடுக்கவே யோசிப்பான்.

இந்தப் பேச்சு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம் மனைவி, “மீன்குழம்பு எப்பிடியப்பா?” என்று கேட்டா. நான் சோற்றைப் பிசைந்தபடி “குட்” என்றேன். அகப்பையைப் பிடித்தபடி நின்று, “கடைக் குட்டோ, ஊர்க் குட்டோ?” என்று கேட்டா. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது நிரந்தரமாகிவிட்டது. சீலை எப்படி என்றால், பக்கத்து வீட்டுப் பிள்ளை பாடினது எப்படி என்றால், நான் குட் என்று சொல்ல முதலே “எந்தக் குட்?” என்று வந்துவிடும். தப்புவதற்காக நான் சில நாள் ரசத்துக்குக்கூட வெரி ஃபைன் கொடுத்திருக்கிறேன்.

ஒரு அம்மா முதல் தரம் கடைக்கு வந்தது ஒரு மழை நாள். அன்று கரண்ட் வேறு இல்லை. கடைக்குள் ஆறு பேர், ஆறு குடை, நிலம் முழுக்கத் தண்ணீர். நான் ஒரு கையில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காசு பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு விட்டுப்போயிருந்தது. ஒருவர் கவுண்டரில் முழங்கையை ஊன்றி, தன்னுடைய காசை நான் வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறேன் என்று சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறி ஏசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தால் கையை நீட்டி முடிச்சுப் போட்ட ஒரு லேஞ்சித் துணியை அவிழ்த்தா அந்த அம்மா. அறுபது வயதிருக்கும். கழுத்தில் செபமாலை. லேஞ்சியில் மெழுகுதிரி மணம்.

“சேர், இத ஒருக்கா பாத்துச் சொல்றீங்களா? இப்ப விக்க இல்ல. வத்தளையில அக்கா இருக்காங்க, அவங்களுக்கும் பங்கு. சும்மா எப்படி எண்டு தெரிஞ்சுகொள்ளத்தான்.”

இங்கிலாந்து ராசா இலங்கைக்கென்று அடித்த றிக்ஸ் டொலர் வெள்ளிக் காசு அது. ஒரு பக்கம் ராசா, மறுபக்கம் யானை, யானைக்குக் கீழே 1821. நல்ல நிலையில் கையில் கிடைத்தால் எனக்கு அன்றைக்குச் சோறு தேவைப்படாது. இது அப்படியில்லை. ராசாவுக்குக் காதுமில்லை, மயிருமில்லை. யானை ஒரு மேடு. டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால்தான் வருடம் தெரிந்தது.

“யானை தெரியுதுதானே சேர்?”

“தெரியுது.”

“எங்கட அம்மா சொல்லுவாங்க, யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் எண்டு.”

உறை ஒன்றை எடுத்து எழுதினேன். ஏசிக்கொண்டிருந்த மனிதர் கவுண்டரைத் தட்டினார்.

“என்ன சேர் எழுதினீங்க?”

“குட்.”

“குட்டா?”

“ஓம். குட்.”

அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. “அந்தோனியாரே” என்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டா. உறையை லேஞ்சியில் சுற்றி, லேஞ்சியைக் கைப்பைக்குள் வைத்து, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மழையில் இறங்கினா. கூப்பிட்டு இன்னும் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்ல அலுப்பாக இருந்தது. விற்க வரும்போது சொல்வோம், அதுவரைக்கும் ஒரு சீவன் சந்தோசமாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று மனதுக்குள் பெரிய தருமவான் மாதிரி நினைத்தேன். உண்மையில் எனக்கு டோர்ச் பிடித்த கை உளைந்தது, அவ்வளவுதான்.

இரண்டு கிழமை கழியவில்லை, திரும்பி வந்தா. அன்று வெயில். கையில் லஞ்ச் ஷீட் தாளில் சுற்றிய பட்டர் கேக். கவுண்டரில் வைத்துவிட்டு, கேட்காமலே ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு அதில் இருந்தா.

“அக்காவும் விக்கச் சரி எண்டிட்டாங்க சேர். இது உங்களுக்கு. வீட்டில செஞ்சது.”

“ஏனம்மா இதெல்லாம்?”

“நீங்க எவ்வளவு பெரிய உதவி செஞ்சீங்க எண்டு உங்களுக்குத் தெரியாது.”

பிறகு சொன்னா. கொட்டாஞ்சேனையில் வீடு. புருசன் துறைமுகத்தில் வேலை செய்து, செத்து ஆறு வருடம். ஒரே மகன், இருபத்துநாலு வயது. மத்திய கிழக்கில் ஒரு நல்ல கொம்பனியில் டிரைவர் வேலை சரிவந்திருந்தது. தெரிந்த ஆள் மூலமாக, ஏமாற்று இல்லாத இடம். நான் உறை எழுதிக் கொடுத்த கிழமை, வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போட்டைக் கொடுக்க வேண்டியிருந்ததாம். அவனுக்குப் போக விருப்பமில்லை, ஆனால் இங்கே இருந்து செய்யவும் ஒன்றுமில்லை. சண்டைக் காலம், ரோட்டில் இறங்கினால் ஒவ்வொரு செக்பொயின்டிலும் ஐடென்டி கார்ட் காட்டி நிற்க வேண்டிய வயது.

“நான்தான் வேணாம் எண்டு சொன்னன் சேர். இந்தா பார் மகன், கடையில எழுதியே தந்திருக்காங்க எண்டு கவரக் காட்டினன். இத வித்து ஓட்டோ ஒண்டு எடுத்து என்னோடயே இரு எண்டன். அவனும் பாத்திட்டு, சரி அம்மா எண்டு பாஸ்போட்ட அலுமாரியில வெச்சிட்டான். அந்த இடத்துக்கு வத்தளைப் பொடியன் ஒருத்தன் போயிட்டான். முந்தாநாள் ஃபிளைட்.”

உறையை வாங்கினேன். என்னுடைய கையெழுத்துத்தான். திறந்து காசை மறுபடியும் விளக்கின் கீழே பிடித்தேன். ஏதாவது மயிரிழை மிச்சம் இருக்காதா, நான்தான் அன்றைக்கு இருட்டில் பிழையாகப் பார்த்தேனா என்று பார்த்தேன். பிழையாகப் பார்க்கவில்லை. தரம் சொல்வதில் நான் பிழை விட்டதில்லை.

“அம்மா, குட் எண்டால் எங்கடை கடைப் பாசையிலை நல்லம் எண்டு அர்த்தமில்லை.”

அந்த அம்மா சிரித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தா. பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் விரல் மடித்துப் படிகளைச் சொன்னேன். மேலிருந்து தொடங்கினேன். குட் வரும்போது இரண்டு கை விரல்களும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டன.

“அதுக்குக் கீழ?”

“ரெண்டுதான் இருக்கு.”

“அப்ப கூடாததுக்கு ஏன் சேர் குட் எண்டு பேர் வெச்சீங்க?”

நானா வைத்தேன்? ஆனால் என்ன சொல்ல முடியும்? கலகலப்பாக்குவோம் என்று நினைத்து, “வீட்டிலை மனிசியும் இதைத்தான் கேக்கிறவ அம்மா. கடைக் குட்டோ, ஊர்க் குட்டோ எண்டு” என்றேன். அவ சிரிக்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“வித்தா என்ன வரும்?”

சொன்னேன். ஒரு மாதத்துச் சாமானுக்குக் காணும். ஓட்டோவின் ஒரு பக்கத்து டயருக்கும் கூரைக்கும் காணும். ராசாவின் முகம் முழுதாக இருந்திருந்தால் கதை வேறு என்பதையும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியாது. கடைப் பழக்கம்.

அந்த அம்மா காசை எடுத்துப் பெருவிரலை ராசாவின் மேல் வைத்துத் தடவினா. நான் தடுக்கவில்லை. தடவிய விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

“அந்தோனியார் சொரூபத்துக்குக் கால்மாட்டிலதான் சேர் இது இருந்திச்சு. செவ்வாய்க்கிழமையில அம்மா இத கையில எடுத்து இப்படித் தடவித் தடவித்தான் செபம் சொல்லுவாங்க. பிறகு நான். அவர் துறைமுகத்தில நைட் ஷிஃப்ட் போன காலத்தில, மகனுக்கு நெருப்புக் காய்ச்சல் வந்த நேரம், ஒவ்வொரு நாளும்.” கொஞ்சம் நிறுத்தினா. “அப்ப நாங்கதானா தேய்ச்சிட்டம்?”

“சீச்சீ. கனபேற்றை கையிலை திரிஞ்ச காசு அம்மா. உங்களிட்டை வர முதலே தேஞ்சிருக்கும்” என்றேன். பாதி உண்மை. சந்தையில் தேய்ந்த காசு எல்லா இடமும் ஒரே மாதிரித் தேயும். இது ராசாவின் கன்னத்தில் ஒரு பெருவிரல் அளவுக்குப் பள்ளமாகத் தேய்ந்திருந்தது.

அப்போது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால், என் மேல்தான். ஆனால் வெளியே வந்தது வேறு பக்கமாக. “ஒரு சொல்லை நம்பி ஆரும் பொடியன்ரை பயணத்தை நிப்பாட்டுறதோ அம்மா? திரும்பி வந்து வடிவாக் கேட்டிருக்கக் கூடாதோ?” என்று கத்திவிட்டேன். முதலாளி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

அந்த அம்மா கோபிக்கவில்லை. “நீங்க ஒரு சொல்லுத்தானே சேர் சொன்னீங்க. நான் அதத்தான் வீட்டுக்குக் கொண்டு போனன்” என்றா.

காசை விற்கவில்லை. உறையை என் மேசையில் வைத்துவிட்டு, காசை மட்டும் லேஞ்சியில் முடிந்துகொண்டு எழும்பினா. கேக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். “கொண்டு வந்தத கொண்டு போறதா?” என்றுவிட்டுப் போய்விட்டா. முதலாளி இரண்டு துண்டு சாப்பிட்டு, நல்ல கேக் என்றார். நான் என்னுடைய பங்கை லஞ்ச் ஷீட்டிலேயே சுற்றி வைத்தேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அரிசி அரித்துக்கொண்டிருந்தவ கையை உதறிவிட்டு நிமிர்ந்தா. “இன்னும் ஒரு வசனம் சொன்னால் உங்கடை வாயிலை இருந்து முத்து உதிர்ந்து போடுமோ? என்னட்டைத்தான் ஒரு சொல்லிலை கதைக்கிறியள் எண்டு பாத்தால் ஊரிலையும் அப்பிடித்தானோ?” நான் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் ஒரு குற்றமாகப் பதிந்தது.

அதற்குப் பிறகு ஒரு காலம் ஒவ்வொரு காசுக்கும் பிரசங்கம் வைத்தேன். தேய்ந்த காசு என்றால் தேய்ந்தது என்று தமிழில் சொன்னேன், தெரிந்த சிங்களத்திலும் சொன்னேன். குட் என்று எழுத வேண்டிய இடத்தில் வெறும் ஆங்கில எழுத்து ஒன்றை மட்டும் போட்டேன். சனம் அதற்கும் ஏசியது. கொட்டாஞ்சேனைப் பக்கம் போய் அந்த வீட்டைத் தேடுவோமா என்று பலமுறை யோசித்தேன். போய் என்ன செய்ய? அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தம்பி, நான்தான் உன்னுடைய வேலையைக் கெடுத்தவன் என்று சொல்வதா? கால் வரவில்லை. களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் என்பதுதான் சரி.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு பின்னேரம், கடையில் ஆளில்லை. கடல் காற்று அடித்து மேசையில் இருந்த உறைகள் பறந்தன. நான் குனிந்து பொறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது அந்த அம்மா வாசலில் நின்றா. இந்த முறை லேஞ்சியுமில்லை, பொதியுமில்லை. மெலிந்திருந்தா.

“வாங்கோ அம்மா. இருங்கோ.”

“இருக்க இல்ல சேர். பஸ் ரெண்டு மாறிப் போகணும்.” ஆனால் போகவுமில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றா. “மகன் போயிட்டான்.”

“எங்கை?”

“வெளிநாடுதான். வேற ஏஜென்சி ஒண்டால. டிரைவர் வேலை இல்ல. பாலைவனத்துக்குள்ள ஏதோ குழாய் போடுறாங்களாம். நான் தடுக்க இல்ல. இன்னொரு தரம் எந்த வாயால தடுக்கிற?”

பொறுக்கிய உறைகளை நான் மேசையில் வைத்தேன்.

“நேத்துத்தான் முதல் கோல் எடுத்தான். பக்கத்து வீட்டுக்கு. ரெண்டு நிமிசம். எப்படி மகன் இருக்கிற எண்டு கேட்டன். குட் அம்மா எண்டான். சாப்பாடு எப்படி எண்டன். குட். படுக்கிற இடம்? குட். வேலை? அதுக்கும் குட். பிறகு லைன் கட்டாயிட்டு.”

மேசையில் கிடந்த உறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தா. ஒன்றிலும் இப்போது நான் அந்தச் சொல்லை எழுதுவதில்லை.

“முந்தி எண்டா நான் சந்தோசமா போனை வெச்சிட்டுப் போய் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருப்பன் சேர். இப்ப முடியுதில்ல. அது எந்தக் குட்? கடைக் குட்டா, ஊர்க் குட்டா? அவனுக்கும் அந்தக் கவரில நான்தான் குட் எண்டு வாசிச்சுக் காட்டினன். பிறகு அர்த்தம் என்ன எண்டும் நான்தான் சொன்னன். அவனுக்கு ரெண்டும் தெரியும் சேர்.”

இதைக் கேட்பதற்காகத்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருக்கிறா. காசுமில்லாமல், உறையுமில்லாமல்.

“ஊர்க் குட்தான் அம்மா” என்றேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதற்கும் சேர்த்துச் சொன்னேன். “பொடியன் நல்லா இருக்கிறான். சாப்பாடு நல்லம், படுக்கை நல்லம், வேலையும் நல்லம். அதைத்தான் சொல்லியிருக்கிறான்.”

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.

“பாத்துத்தான் சொல்றீங்களா சேர்?”

“ஓம் அம்மா. பாத்துத்தான் சொல்றன்.”

சரி என்று தலையாட்டினா. குடையை எடுத்துக்கொண்டு காலி வீதிப் பக்கம் போனா. அதற்குப் பிறகு வரவில்லை. அந்தக் கடையில் இருந்த பன்னிரண்டு வருடத்தில், பார்க்காமல் நான் தரம் சொன்னது அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.